சாம்பல் பூனையும் சாக்குப்பைப் பூனைகளும்

1868 செப்டம்பரில் லண்டன் அஞ்சல் துறையின் மணியார்டர் அலுவலகத்தில் மூன்று பூனைகளை வேலைக்கு எடுத்தார்கள். எலித்தொல்லை தாங்கவில்லை. வாரம் இரண்டு ஷில்லிங் ஒதுக்கினால் பூனை வைத்துச் சமாளித்துக்கொள்கிறோம் என்று அலுவலகத்தின் பொறுப்பாளர் மேலிடத்துக்கு எழுதினார். நம்மூர் கருவூலத்துக்குக் கொஞ்சமும் குறையாத கறாரோடு பதில் வந்தது. மூன்று பூனைகளைத் தகுதிகாண் பருவத்தில் சேர்த்துக்கொள்ளலாம். பெண் பூனைகளாக இருந்தால் நல்லது. வாரத்துக்கு ஒரு ஷில்லிங்தான். மிச்சச் சம்பளத்தை அவை எலிகளிடமிருந்து வசூலித்துக்கொள்ளட்டும். ஆறு மாதத்தில் எலி குறையவில்லை என்றால் அந்த ஒரு ஷில்லிங்கிலும் கை வைக்கப்படும்.

பூனைகள் தேறிவிட்டன. அந்த மரபில் வந்த டிப்ஸ் என்ற ஆண்பூனை 1950களில் அஞ்சல் தலைமையகத்தில் 23 பவுண்டு எடையோடு உலா வந்தது. 1964இல் அது செத்தபோது இரங்கல் செய்தி அச்சானது.

பழைய நகரத்துப் பூனைக் கதைகளுக்கென்று ஒரு வாசகர் கூட்டம் உண்டு. நானும் அதில் சேர்த்திதான். அலுவலக பஸ்ஸில் போகும்போது படிக்க இதைவிடச் சுகமான வாசிப்பு கிடையாது. ஆனால் இவற்றைத் தொடர்ந்து படித்துவந்தால் ஒரு விஷயம் உறுத்த ஆரம்பிக்கும். கதையில் வருவது எப்போதும் ஒரு பூனை, மிஞ்சினால் மூன்று. அதற்கு ஒரு பெயர் இருக்கும், சமயத்தில் சம்பளமும் இருக்கும். அதே வருஷம் அதே தெருவில் இருந்த மற்ற பூனைகள் என்னாயின என்பதைக் கதை சொல்லாது. பெயரில்லாத பூனைகள் ஆவணத்தில் நுழைவது பெரும்பாலும் கூட்டமாகச் சாகும்போதுதான். அப்போதும் அவை சாக்குப்பைக் கணக்கில்தான் வருகின்றன.

இந்த இடத்தில் கைவைத்த இரண்டு வரலாற்று நூல்களைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. ஒன்று பாரிஸைப் பற்றியது, உலகப் புகழ் பெற்றது. மற்றது லண்டனைப் பற்றியது, அவ்வளவாகப் பேசப்படாதது. இரண்டின் தலைப்பிலும் பூனைப் படுகொலை இருக்கிறது.

முதலில் பாரிஸ். அமெரிக்க வரலாற்றாசிரியர் ராபர்ட் டார்ண்டன் 1984இல் வெளியிட்ட 'பெரும் பூனைப் படுகொலை' நூலின் இரண்டாம் அத்தியாயம் ஓர் அச்சகத்தில் நடக்கிறது. காலம் 1730களின் பிற்பகுதி. சேன் செவெரேன் தெருவில் ழாக் வேன்சான் என்பவரின் அச்சகம். அங்கே தொழில் பழக வந்த இரண்டு பையன்கள், ஜெரோம், லெவெய்யே. குளிரில் நடுங்கிக்கொண்டு அழுக்கு அறையில் படுக்கை. விடிவதற்கு முன்னே எழுந்து நாள் முழுக்க எடுபிடி வேலை. முதலாளி வீட்டு மிச்சச் சோறாவது கிடைக்குமா என்றால் அதையும் சமையல்காரர் வெளியே விற்றுவிட்டு, பூனைகளுக்கான கெட்டுப்போன இறைச்சித் துண்டுகளை இவர்கள் தட்டில் போடுகிறார். பையன்களால் அதைத் தின்ன முடியவில்லை. பூனைகளிடம் தள்ளுகிறார்கள். பூனைகளும் அதைத் தொடவில்லை.

பாரிஸ் அச்சக முதலாளிகளுக்கு அப்போது பூனைப் பித்து. ஒருவர் 25 பூனைகள் வளர்த்தார். அவற்றை ஓவியமாக வரையவைத்து, வறுத்த கோழி போட்டு வளர்த்தாராம். வேன்சானின் மனைவிக்கும் ஒரு செல்லம் உண்டு: லா கிரீஸ், அதாவது சாம்பல் நிறத்தாள். இரவில் தெருப்பூனைகள் பையன்களின் அறைக்கூரை மேல் கத்தித் தீர்க்கும். தூக்கம் கிடையாது. குரல்மாற்றுவதில் கெட்டிக்காரனான லெவெய்யே ஒரு திட்டம் போட்டான். முதலாளியின் படுக்கையறைக்கு மேலே கூரையில் ஊர்ந்துபோய் விடிய விடியப் பூனையாகக் கத்தினான். சில இரவுகள் இப்படிப் போனதும், பூனைகளை ஒழித்துக்கட்டுங்கள் என்று வீட்டிலிருந்தே உத்தரவு வந்தது. சாம்பலியை மட்டும் பயமுறுத்திவிடாதீர்கள் என்றாள் முதலாளியம்மாள்.

பையன்கள் முதலில் கொன்றது சாம்பலியைத்தான். லெவெய்யே இரும்புக் கம்பியால் முதுகெலும்பை முறித்தான், ஜெரோம் மிச்சத்தை முடித்தான். உடலைச் சாக்கடையில் மறைத்தார்கள். பிறகு கூலித் தொழிலாளிகளும் சேர்ந்துகொள்ள, துடைப்பக் கட்டையும் அச்சு இயந்திரத்தின் கம்பிகளுமாக வேட்டை தொடங்கியது. குற்றுயிரான பூனைகளைச் சாக்குச் சாக்காக முற்றத்தில் கொட்டினார்கள். அடுத்து விசாரணை. காவலர், பாவமன்னிப்புக் கேட்கும் பாதிரி, தூக்குப் போடுபவர் என்று ஆளாளுக்கு ஒரு வேடம். தீர்ப்பு சொல்லி, கடைசிச் சடங்கு செய்து, தூக்கில் தொங்கவிட்டார்கள். முதலாளியம்மாள் வந்து பார்த்து அலறினாள். தொங்குவது சாம்பலியா? அப்படியெல்லாம் செய்வோமா அம்மா, இந்த வீட்டின் மேல் எங்களுக்கு எவ்வளவு மரியாதை என்று சாதித்தார்கள். முதலாளிக்கு வேலை நின்றுபோன கோபம். இருவரும் உள்ளே போன பிறகு தொழிலாளிகள் சிரித்த சிரிப்பு நாள்கணக்கில் ஓயவில்லை. வேலை மந்தமான நேரங்களில் லெவெய்யே அந்தக் காட்சியைத் திரும்பத் திரும்ப, குறைந்தது இருபது தடவை, நடித்துக் காட்டினான். கம்பாசிட்டர்கள் எழுத்துப் பெட்டிகள் மேல் கோப்புச் சட்டத்தை உரசி, சுத்தியலால் தட்டி, ஆடு மாதிரிக் கத்தி ஆரவாரம் செய்தார்கள்.

டார்ண்டன் எழுப்பும் கேள்வி எளிமையானது. இதில் சிரிக்க என்ன இருக்கிறது? நமக்குச் சிரிப்பு வரவில்லை என்றால், அந்த இடத்தில்தான் அவர்களுக்கும் நமக்கும் நடுவிலுள்ள தூரத்தை அளக்க முடியும். புரியாத நகைச்சுவை ஒரு பழைய உலகத்தின் பூட்டு, அதற்குச் சாவி செய்வதே வரலாற்றாசிரியரின் வேலை. பிறகு அவர் சாவிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் போடுகிறார். பெரிய அச்சகங்கள் சிறியவற்றை விழுங்கிய காலம் அது. பாரிஸில் அச்சக முதலாளிகளின் எண்ணிக்கை 83ஆக இருந்தது, 1686ஆம் ஆண்டு ஆணை அதை 36ஆக்கிவிட்டது. தொழிலாளி ஒருநாள் முதலாளியாவான் என்ற நம்பிக்கை செத்துப்போயிற்று. அடுத்த சாவி, பூனையைச் சுற்றிய சடங்குகள். திருவிழாக் கூத்தில் பூனையின் உரோமத்தைப் பிய்ப்பது, யோவான் திருநாள் நெருப்பில் பூனையைப் போடுவது, மெட்ஸ் நகரில் கூடையோடு எரிப்பது. பூனை என்றால் சூனியக்காரி, பூனை என்றால் வீட்டின் அதிர்ஷ்டம், பூனை என்றால் பெண்ணுடல். ஆக, சாம்பலியைக் கொன்றது முதலாளியம்மாளைக் குறியீட்டளவில் வன்புணர்ந்ததற்குச் சமம். போலி விசாரணை முதலாளியையும் சட்டத்தையும் சேர்த்துக் கேலி செய்தது. அடி பலமாக விழுந்தது, ஆனால் தண்டிக்க முதலாளிக்கு ஒரு முகாந்திரமும் கிடைக்கவில்லை. இதுதான் நகைச்சுவை என்கிறார்.

முதல் வாசிப்பில் இந்த அத்தியாயம் ஆளை அசத்திவிடும். டார்ண்டன் கொஞ்ச காலம் நியூயார்க் டைம்ஸில் செய்தியாளராக இருந்தவர். ஒரு சம்பவத்தை எந்த இடத்தில் நிறுத்தி, எந்த இடத்தில் விளக்கத்துக்குத் திரும்புவது என்பது அவருக்குக் கைவந்த கலை. பிரின்ஸ்டனில் மானுடவியலாளர் கிளிஃபர்ட் கியர்ட்ஸுடன் சேர்ந்து வகுப்பு நடத்தியவர். பாலித் தீவின் சேவல் சண்டையை வைத்து ஒரு சமூகத்தையே படித்துக்காட்டிய கியர்ட்ஸின் முறையைத்தான் இங்கே பூனைகள் மேல் போட்டுப் பார்த்திருக்கிறார்.

சிக்கல் இங்கேதான் ஆரம்பம். கியர்ட்ஸ் சேவல் சண்டையைக் கண்ணால் பார்த்தவர். கூட்டத்தோடு கூட்டமாகப் போலீஸுக்குப் பயந்து ஓடியவர். டார்ண்டனிடம் இருப்பது ஒரு கையெழுத்துப் பிரதி. நிக்கோலா கொந்தா என்ற அச்சுத் தொழிலாளி, ஜெரோம் என்ற பாத்திரத்துக்குள் தன்னை ஒளித்துக்கொண்டு 1762இல் எழுதியது. கொலைக்கும் எழுத்துக்கும் நடுவே இருபது வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது. மென்பொருள் வேலையில் இருப்பவர்களுக்கு இந்த இடம் உடனே பிடிபடும். நடுராத்திரியில் ஏதாவது விழுந்தால் காலையில் லாக் கோப்பைத் திறந்து உட்காருவோம். நடந்தது முழுவதும் அதில் இருக்காது. எதை எழுதவேண்டும் என்று யாரோ முன்கூட்டியே முடிவு செய்தார்களோ அது மட்டும்தான் இருக்கும். வேறொரு இயந்திரத்தின் லாக்கோடு ஒத்துப்பார்க்காமல், ஒற்றைக் கோப்பை வைத்து அறிக்கை எழுதினால் எந்த மேலாளரும் ஏற்கமாட்டார். சேன் செவெரேன் தெருவில் அந்த இரண்டாவது கோப்பு இல்லை. சுவிட்சர்லாந்தின் நெஷாத்தல் பதிப்பகத்துக் கடிதங்களையும் கூலிக் கணக்கையும் டார்ண்டன் துணைக்கு அழைக்கிறார். தொழிலாளிகள் எப்படி வாழ்ந்தார்கள் என்பதற்கு அவை நல்ல சாட்சி. பூனைகளுக்கு அவை சாட்சியே இல்லை.

பிரெஞ்சு வரலாற்றாசிரியர் ரொஜே ஷார்த்தியே 1985இல் இதைத்தான் வேறு மொழியில் கேட்டார். நம் கையில் இருப்பது சம்பவமா, பிரதியா? தொழில் பழகும் பையன்களின் துயரத்தைக் கேலியும் கிண்டலுமாகச் சொல்வது அன்றைக்கு ஒரு எழுத்து வகையாகவே புழங்கியது. கொந்தா அந்த வகையில் எழுதுகிறார் என்றால், இருபது தடவை நடித்துக் காட்டியது, ஆடு மாதிரிக் கத்தியது எல்லாம் அந்த வகையின் அலங்காரமாகவும் இருக்கலாமே? அடுத்து, குறியீடுகள் ஒரு நாட்டில் எல்லோருக்கும் காற்று மாதிரிப் பொதுவானவையா? மெட்ஸிலும் பர்கண்டியிலும் நாட்டாரியலாளர்கள் திரட்டிய பூனை வழக்கங்களைப் பாரிஸ் அச்சகத்து ஆளின் மண்டைக்குள் எப்படிக் கொண்டுபோய் வைப்பது? டார்ண்டன் மறு ஆண்டே பதில் எழுதினார். ஒரு குறியீட்டுக்குப் பல பொருள் உண்டு, அது சூழலுக்குத் தக்கபடி வேலை செய்யும் என்பது அவர் வாதம். நல்ல பதில்தான். ஆனால் அது முதல் கேள்விக்கான பதிலாக எனக்குத் தோன்றவில்லை. 1991இல் ஹெரால்ட் மா இன்னும் கடுமையாக, டார்ண்டன் பிரதியையே அமுக்கிவிட்டார் என்று எழுதினார்.

எனக்கு இதில் உறுத்துவது கொஞ்சம் வேறு மாதிரி. டார்ண்டன் கொந்தாவை எழுத்தாளராகப் பார்க்கத் தயங்குகிறார். கதையை எங்கே தொடங்குவது, யாருக்கு எந்த வேடம் கொடுப்பது என்றெல்லாம் யோசித்து எழுதிய ஒருவரை, பழங்குடிக் கிராமத்தில் மானுடவியலாளர் சந்திக்கும் தகவலாளியாகச் சுருக்கிவிடுகிறார். நம் விந்தன் கம்பாசிட்டராக இருந்தவர். அவர் கதைகளை யாராவது சென்னை அச்சகங்களைப் பற்றிய வாக்குமூலமாக மட்டும் படித்தால் நாம் சண்டைக்குப் போவோம். பூனைக்குத் தட்டில் விழுந்த இறைச்சி பையனுக்கு வருகிறது, பையனிடமிருந்து பூனைக்குப் போகிறது, பூனை முகர்ந்துவிட்டு நகர்கிறது. இந்த வரிசையை அமைத்தவருக்குத் தான் என்ன செய்கிறோம் என்பது தெரியும். அதற்குக் குறியீட்டுச் சாவி எதுவும் வேண்டாம். முதலாளியின் பூனைக்குக் கீழே நாம் இருக்கிறோம் என்பது அந்தத் தட்டைப் பார்த்தாலே புரிந்துவிடும்.

இன்னொன்றும் உண்டு. முற்றத்தில் ஒரு பூனைக்காக அலறியது ஒரே ஒரு ஆள், முதலாளியம்மாள். தொழிலாளிகள் அவளைப் பார்த்துச் சிரித்தார்கள். கொந்தா அந்தச் சிரிப்பைக் காப்பாற்றி வைத்தார். இருநூறு வருஷம் கழித்து டார்ண்டன் அந்தச் சிரிப்பு நமக்கும் புரியும்படி உழைக்கிறார். புரியவைத்தும் விடுகிறார், அதில் சந்தேகமில்லை. ஆனால் அலறல் அந்த அத்தியாயத்தில் விளக்கம் தேவைப்படாத பொருளாக அப்படியே கிடக்கிறது. பணக்காரியின் செல்லம், அவ்வளவுதான். பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடாது என்பார்கள். இங்கே கண்ணை மூடியது ஆய்வாளர். சாம்பலி ஒரு விலங்காக, வலியுள்ள ஒன்றாக, முப்பது பக்கத்தில் ஓரிடத்திலும் இல்லை. அது தொடக்கத்திலிருந்தே வேறு எதற்கோ பதிலியாகத்தான் நிற்கிறது. சாக்குப்பைப் பூனைகளுக்கு அந்தப் பதவிகூட இல்லை.

இந்த அலறலிலிருந்து தொடங்குகிற நூல்தான் மற்றது. ஹில்டா கீன் 2017இல் வெளியிட்ட 'பெரும் பூனை–நாய்ப் படுகொலை'. டார்ண்டனின் தலைப்பு இதில் எதிரொலிப்பதைக் கேட்காமல் இருக்க முடியாது. 1939 செப்டம்பர் 3ஆம் தேதி பிரிட்டன் போரை அறிவித்தது. அடுத்த ஒரு வாரத்துக்குள் லண்டனில் ஏறக்குறைய 4,00,000 பூனைகளும் நாய்களும் கொல்லப்பட்டன. நகரத்துப் பூனை நாய்களில் கிட்டத்தட்ட 26 சதவீதம். கொல்லச் சொல்லி அரசு உத்தரவு எதுவும் போடவில்லை. குண்டும் விழவில்லை. லண்டன் மேல் தொடர் குண்டுவீச்சு தொடங்கியது அடுத்த வருஷம் செப்டம்பர் 7ஆம் தேதிதான். வளர்த்தவர்களே கூடையிலும் கயிற்றிலுமாகக் கொண்டுபோய், கால்நடை மருத்துவர்கள் வாசலிலும் விலங்கு நல அமைப்புகளின் வாசலிலும் வரிசையில் நின்றார்கள்.

விலங்குகளுக்கான விமானத் தாக்குதல் முன்னெச்சரிக்கைக் குழு ஒன்று ஒரு துண்டுப் பிரசுரம் வெளியிட்டிருந்தது உண்மை. முடிந்தால் கிராமத்துக்கு அனுப்புங்கள், வழியே இல்லை என்றால் வலியில்லாமல் முடித்துவிடுவதே கருணை என்கிற தொனியில் இருந்தது அது. ஆனால் கீன் அந்தப் பிரசுரத்தின் தலையில் எல்லாவற்றையும் கட்டிவிட்டு நகர்ந்துவிடுவதில்லை. பிள்ளைகளை ஊருக்கு அனுப்புவது, இருட்டடிப்புத் திரை தைப்பது மாதிரி, பூனையைக் கொண்டுபோய் முடிப்பதும் அந்த வாரத்தின் வீட்டு வேலைகளில் ஒன்றாக இருந்தது என்று காட்டுகிறார். இந்த இடத்தில் என்னால் புத்தகத்தை மேலே படிக்க முடியவில்லை, ஒருநாள் கழித்துத்தான் எடுத்தேன். பாரிஸ் பையன்களுக்கு ஒரு கோபம் இருந்தது. லண்டனில் கோபமே இல்லை. வாரக்கணக்கில் மடியில் படுத்த பிராணியைப் பொறுப்பான குடும்பத்தலைவரின் நிதானத்தோடு தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள்.

போருக்குப் பிறகு இது பேச்சிலிருந்தே காணாமல் போய்விட்டது. பிரிட்டன் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் போர்க்கதையில் எல்லோரும் உறுதியோடு, ஒற்றுமையோடு, தேநீரோடு இருக்கிறார்கள். அதில் இந்த வரிசைக்கு இடமில்லை. அதற்குப் பதிலாக வேறொரு பூனைக்கு இடம் கிடைத்தது. புனித பவுல் பேராலயத்துக்குப் பக்கத்திலுள்ள புனித அகஸ்டின் தேவாலயத்தில் ஃபெய்த் என்றொரு பூனை இருந்தது. 1940 செப்டம்பரில் குண்டு விழுவதற்கு மூன்று நாள் முன்பு, மேல்மாடியில் சௌகரியமாக இருந்த தன் குட்டி பாண்டாவைக் கவ்விக்கொண்டு அடித்தளத்துக்குப் போனது. மறுபடி மேலே கொண்டுவந்து விட்டால் மறுபடி கீழே கொண்டுபோனது. கட்டடம் இடிந்து எரிந்தது. மறுநாள் இடிபாட்டுக்குள் குட்டியைப் பொத்திக்கொண்டு உயிரோடு இருந்தது. 1945இல் அதற்கு வெள்ளிப் பதக்கம் கொடுத்தார்கள். கொடுத்தது பிடிஎஸ்ஏ. முந்தைய செப்டம்பரில் எந்த வாசல்களில் வரிசை நின்றதோ, அவற்றில் ஒன்று அந்த அமைப்பினுடையது. அவர்களைக் குற்றம் சொல்ல இதைக் குறிப்பிடவில்லை. ஏழைகளின் விலங்குகளுக்கு இலவச வைத்தியம் பார்க்கத் தொடங்கப்பட்ட அமைப்பு அது. ஃபெய்த்தின் கதையும் பொய்யில்லை. ஆனால் அந்த ஒரு உண்மைக் கதை எத்தனை ஆயிரம் உண்மைக் கதைகளுக்கு மேல் உட்கார்ந்திருக்கிறது என்பது தெரிந்த பிறகு, பதக்கத்தோடு இருக்கும் அந்தப் பூனையைப் பற்றி முன்பு மாதிரி இலகுவாகப் படிக்க முடியவில்லை.

கீனின் நூலில் எனக்குப் பிடித்த விஷயம், அவர் எண்ணோடு நின்றுவிடவில்லை என்பது. 26 சதவீதம் செத்தது என்றால் 74 சதவீதம் சாகவில்லை. அந்த வீடுகளில் என்ன நடந்தது? புத்தகத்தின் பெரும்பகுதி அதைத்தான் தேடிப்போகிறது. பொதுப் பதுங்கிடங்களில் விலங்குகளை அனுமதிக்கவில்லை. அதனால் பூனையோடு வீட்டிலேயே இருந்துவிட்டவர்கள், தோட்டத்துப் பதுங்குகுழியில் அதையும் படுக்கவைத்தவர்கள், சைரன் வருமுன்னே பூனையின் காது திரும்புவதைப் பார்த்துக் கிளம்பியவர்கள், தங்கள் ரேஷனிலிருந்து கிள்ளிப் போட்டவர்கள் என்று நாட்குறிப்புகளிலிருந்து வீடு வீடாகத் திரட்டுகிறார். இவர்களில் பலரை அக்கம்பக்கம் அசட்டு உணர்ச்சிக்காரர்கள் என்றுதான் பார்த்தது. வேன்சான் மனைவிக்குக் கிடைத்த அதே பட்டம்.

குறைகளும் உண்டு, மறைக்க வேண்டியதில்லை. கீனுக்கு டார்ண்டனின் கை கிடையாது. ஒரே விஷயத்தை மூன்று அத்தியாயங்களில் மூன்று தடவை சொல்கிறார். விலங்குக்கும் வரலாற்றில் பங்கு உண்டு என்ற கோட்பாட்டுப் பகுதிகள் இழுவை. நாட்குறிப்பு எழுதுகிற வீடுகள் எப்படிப்பட்டவை என்ற கேள்வியும் தொக்கி நிற்கிறது. கிழக்கு லண்டனின் துறைமுகத் தொழிலாளி வீட்டுப் பூனை நாட்குறிப்பில் வர வாய்ப்புக் குறைவு. ஆனால் ஒரு பூனையை வேறொன்றின் குறியீடாக மாற்றாமல், பூனையாகவே வைத்துக்கொண்டு ஒரு முழு நூலையும் எழுத முடியும் என்பதை அவர் செய்து காட்டிவிட்டார். டார்ண்டனின் நடை என்னிடம் இருந்தால் நான் கீனின் கேள்வியோடுதான் பாரிஸுக்குப் போவேன்.

டார்ண்டனை இதுவரை படிக்காதவர்களுக்கு ஒரு யோசனை. தன்னைச் சரிபார்க்கும் வசதியை அவரே நேர்மையாகச் செய்து வைத்திருக்கிறார். அந்த அத்தியாயத்தின் முடிவில் கொந்தாவின் வர்ணனையை மொழிபெயர்த்துப் பின்னிணைப்பாகச் சேர்த்திருக்கிறார். சில பக்கங்கள்தான். முதலில் அதைப் படித்துவிடுங்கள். டார்ண்டனின் குரல் காதில் ஏறுவதற்கு முன்னால், கூரைமேல் ஊர்ந்துபோகிற லெவெய்யேவையும் சாக்கடையில் கிடக்கிற சாம்பலியையும் கொந்தாவின் வழியாக ஒரு தடவை பாருங்கள். சிரிப்பு வருகிறதா இல்லையா என்பதை வைத்துக்கொண்டு பிறகு அத்தியாயத்தின் முதல் பக்கத்துக்குப் போகலாம்.